அம்மா ஏன் ஊமைப்படம் பார்க்கிறார்?

கேள்வி: எனக்கு வயது 37. சென்னை பம்மலில் குடியிருக்கிறோம். மனைவிக்கு வங்கியில் வேலை, மகள் மூன்றாம் வகுப்பு. நான் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். சில வருடங்களாக எனக்குச் சத்தமே ஆகவில்லை. மிக்ஸி ஓடினாலோ, தட்டில் கரண்டி உரசினாலோ, மகள் முறுக்கு கடித்தாலோகூட நெஞ்சு படபடக்கிறது, கோபம் தலைக்கேறுகிறது. வீட்டில் எல்லோரும் அனுசரித்துத்தான் போகிறார்கள். அம்மாகூட சீரியலைச் சத்தமில்லாமல்தான் பார்க்கிறார். பல்லடம் பக்கம் எங்கள் ஊர். அப்பா இருந்தவரை வீட்டை ஒட்டி நாலு தறி ஓடியது, பிறகு விற்றுவிட்டோம். வீடு பூட்டித்தான் கிடக்கிறது. குடும்பத்தோடு அங்கே போய்விடலாமா, இல்லை சென்னையிலேயே அமைதியான ஏரியாவாகப் பார்க்கலாமா?

பதில்: தம்பி, ஊரா பட்டணமா என்று கேட்டு எனக்கு வராத மாதமில்லை. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே ஒரு வரியைத்தான். அம்மா சீரியலைச் சத்தமில்லாமல் பார்க்கிறார் என்கிற வரி. வீட்டார் அனுசரணையாக இருக்கிறார்கள் என்பதற்கு உதாரணமாக அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

சீரியல் என்பதே பேச்சுதான். யார் யாரை என்ன சொன்னார்கள், அதற்கு இவள் என்ன பதில் கொடுத்தாள் என்பதைக் கேட்கத்தான் அதன் முன்னால் உட்கார்கிறார்கள். உங்கள் அம்மா அந்த முகங்களையும் வாயசைவையும் பார்த்துக்கொண்டு கதையைத் தானே ஊகித்துக்கொள்கிறார். சத்தத்தை மூடச் சொன்னது யார்? நீங்களா? இல்லை, ஒருநாள் நீங்கள் போட்ட கூச்சலுக்கு அப்புறம் அவராகவே ரிமோட்டை எடுத்து அமுக்கிவிட்டு, அன்றிலிருந்து அப்படியே இருக்கிறாரா? எதுவாக இருந்தாலும், அது உங்களுக்கு உறுத்தவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அப்புறம் அந்த நாலு தறி. வீட்டை ஒட்டித் தறி ஓட்டிய குடும்பம் என்றால் அம்மா அதில் கை வைக்காமல் இருந்திருக்க முடியாது. அப்பா பாவுக்கும் நூலுக்கும் அலைகிற நேரத்தில் தறியைப் பார்த்துக்கொண்டது, அறுந்த இழையை முடிந்தது, ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வராத அன்று விடிய விடிய நின்றது எல்லாம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான். நாலு தறி ஒன்றாக ஓடும் கூடத்துக்குள் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது, கையைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் உச்சவரம்பு. தறிக்கூடங்களில் சாதாரணமாகவே அதைத் தாண்டும். அதில் வருடக்கணக்கில் நின்ற காதுக்கு முதலில் போவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். யாரோ பேசுகிறார்கள் என்பது கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடாது. உங்கள் அம்மாவுக்கு அப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் நீங்கள் பார்த்ததில்லை. உங்களைப் படிக்க வைத்தது அந்தத் தறிச் சத்தம். சத்தம் கூட்டி வைத்தால்கூடப் பாதிதான் புரியும் என்ற நிலையில் இருக்கக்கூடிய ஒருவர், மகனுக்காக அதையும் மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் கஷ்டம் பொய் என்று நான் சொல்லவில்லை. சில குறிப்பிட்ட ஒலிகளைக் கேட்டதும், முக்கியமாக மெல்லுவது, உறிஞ்சுவது, கரண்டி உரசுவது போன்றவற்றுக்கு, உடம்பு பதறிக் கோபம் பொங்குவதற்கு மிசோபோனியா என்று பெயர். 2001இல்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள். சாதாரணச் சத்தமே காதுக்குத் தாங்க முடியாமல் வலிப்பது இன்னொன்று, அது ஹைபராகியூசிஸ். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும், கேட்கும் திறனைச் சோதிக்கிற ஆடியாலஜிஸ்டிடமும் காட்டினால் எது என்று பார்ப்பார்கள். முதல் வகை என்றால் மனநல நிபுணரோடு சில மாதம் உட்கார்ந்து எடுக்கும் பயிற்சியில் பலருக்கு நன்றாகவே குறைகிறது. கடிதம் முழுக்கத் தேடினேன், மருத்துவரைப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. ஒரு டோக்கன் போடுவதற்கு முன்னால் ஒரு குடும்பத்தையே ஊர் பெயர்க்கப் பார்க்கிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு விமானத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஹாரன் இல்லை, தெருநாய் இல்லை. மிக்ஸி, கரண்டி, முறுக்கு. மூன்றும் உங்கள் வீட்டுக்குள்ளே, உங்கள் ஆட்கள் எழுப்புகிற சத்தம். பல்லடத்துக்குப் போனால் முறுக்கு தின்னாமல் இருப்பாளா உங்கள் மகள்? ஊர் இன்னும் நிசப்தமாக இருந்தால் அந்தச் சத்தம் இன்னும் துல்லியமாகக் கேட்கும். பம்மலில் தெருவிரைச்சல் பாதியையாவது அமுக்குகிறது.

ஊர் நிசப்தமாக இருக்கப்போவதும் இல்லை. நீங்கள் தறியை விற்றுவிட்டீர்கள், பக்கத்து வீட்டுக்காரர் விற்றாரா என்று விசாரித்தீர்களா? அந்தப் பக்கம் இரண்டு ஷிப்டும் தறி ஓடும். விடியுமுன்னே மயில் அகவும். மாரியம்மனுக்குப் பூச்சாட்டிக் கம்பம் நட்டால் நோன்பித் திருவிழா முடிகிறவரை ராத்திரி மேள அடி நிற்காது. மார்கழியில் விடிகாலைப் பாட்டு, காதுகுத்துக்கும் சீருக்கும் மைக்செட். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றும், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்றும் 2000ஆம் வருட விதியே இருக்கிறது. திருவிழாவுக்கு வருடத்தில் 15 நாள் வரை, நள்ளிரவு 12 மணி வரைக்கும் அரசு தளர்த்தலாம். சென்னையில் பக்கத்துத் தெரு ஸ்பீக்கருக்குப் போலீசைக் கூப்பிட்டுவிட்டு மறுநாள் நீங்கள் பாட்டுக்கு இருக்கலாம். சொந்த ஊர்க் கோயில் நோன்பிக்குக் கூப்பிட்டுவிட்டு, பங்காளிகள் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?

மனைவி வேலைக்கு என்ன செய்வார் என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவுக்கு ஊருக்குப் போக ஆசை இருக்கிறதா என்றும் எழுதவில்லை. கேட்டிருக்க மாட்டீர்கள்.

பெற்றவள் பிள்ளை வீட்டில் சத்தம் வந்துவிடுமோ என்று பயந்து இருக்கக் கூடாது, எட்டு வயதுக் குழந்தை அப்பா முகத்தைப் பார்த்துப் பார்த்து முறுக்கு தின்னக் கூடாது. இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயம் கிடையாது. காதை மூட வேண்டியவர் நீங்கள், அவர்கள் வாயை மூட வேண்டியதில்லை. அதற்காக நாளெல்லாம் காதில் பஞ்சை அடைத்துக்கொள்ளாதீர்கள், அது காதை இன்னும் கூர்மையாக்கிவிடும். வேலை அறையில் ஃபேன் ஓடட்டும், மிக்ஸிக்கு அடியில் தடித்த துணியை மடித்துப் போடுங்கள், சாப்பிடும்போது மெல்லிசாக ஒரு பாட்டு ஓடட்டும். சீரியல் நேரத்தில் நீங்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள், இல்லை ஹெட்ஃபோன் போடுங்கள், இல்லை ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

இன்றைக்கே ரிமோட்டை அம்மா கையில் கொடுத்து, சத்தமாக வைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். ஒருமுறை சொன்னால் நம்ப மாட்டார், இத்தனை நாள் பழகிவிட்டது. நாலைந்து நாள் விடாமல் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆடியாலஜிஸ்டிடம் இரண்டு பேருக்குமாகச் சேர்த்தே நேரம் வாங்குங்கள். அம்மாவுக்குக் கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள், மெஷின் வைக்க வேண்டும் என்றால் தயங்காதீர்கள். உங்கள் வைத்தியம் நாலைந்து மாதம் நடக்கட்டும். அதன் பிறகும் ஊர்தான் என்றால், நோன்பி சமயமாகப் பார்த்து நீங்கள் மட்டும் போய் ஒரு மாதம் இருந்து பாருங்கள். ஒருவேளை அம்மாவே, ஊருக்குப் போகலாம் கண்ணு, இங்கே எனக்குப் பேச்சுத்துணை இல்லை என்று சொன்னால் அது வேறு விஷயம். அப்போது அவருக்காகப் போகலாம், மனைவியையும் உட்கார வைத்துப் பேசிவிட்டு. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தை அப்போது நீங்கள்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை மகளுக்கு டிசி வாங்காதீர்கள்.