டைனமோவை மாற்றும் முன் ஒரு இரவுக் கணக்கு

கேள்வி: என்னிடம் 2017ஆம் ஆண்டு மஹிந்திரா தார், நான்கு சக்கர இயக்க வண்டி இருக்கிறது. முன்னால் எல்.இ.டி. பார் விளக்கு, சேற்றில் மாட்டினால் வண்டியைக் கயிற்றால் இழுக்கும் வின்ச். பின்னால் 12 வோல்ட் குளிர்பெட்டி. கொல்லிமலையில் இரவு தங்கிவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. "டைனமோ பத்தாது, 150 ஆம்பியர் போடுங்கள்" என்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். என்ஜின் நின்றுவிட்டால் 150 ஆம்பியர் டைனமோ தருவதும் பூஜ்யம்தான். இரவு முழுவதும் குளிர்பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தது உங்கள் பேட்டரி.

குளிர்பெட்டி ஓடும்போது சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். பாதி நேரம் ஓடியது என்றாலும் பத்து மணி நேரத்தில் 20 ஆம்பியர் மணி. கூடார விளக்கு, செல்போன், பாட்டு என்று இன்னொரு 10. சற்று வயதான 70 ஆம்பியர் மணி பேட்டரி இதற்குப் பிறகு டீசல் என்ஜினைச் சுழற்றத் திணறும். உங்களுக்குத் தேவை இரண்டாவது பேட்டரி. என்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) ஒன்றும் வேண்டும். குளிர்பெட்டியை இரண்டாவதில் மாட்டுங்கள். முதல் பேட்டரி ஸ்டார்ட்டருக்கு மட்டும்.

டைனமோ போதுமா என்பதை மல்டிமீட்டரே சொல்லிவிடும். என்ஜினை நிமிடத்துக்கு 1500 சுற்றில் வைத்து, விளக்கு, ஏ.சி., குளிர்பெட்டி எல்லாவற்றையும் போட்டு, பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் டைனமோவைத் தொடாதீர்கள். 13க்குக் கீழே இறங்கினால் முதலில் பெல்ட்டையும் எர்த் வயரையும் பாருங்கள். இதைச் செய்யாமலே டைனமோவை விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: 150 ஆம்பியர் எந்தச் சுற்றில்? டைனமோவின் தகட்டில் இருப்பது அதிவேகச் சுற்றுக்கான எண். ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, அதில் பாதி வந்தாலே பெரிது. பழைய டைனமோவுக்கு வேறு கம்பி சுற்றி, புதுத் தகடு ஒட்டித் தந்ததையும் நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

உண்மையில் பணம் போகும் இடம் வயர். முன்னால் உள்ள பேட்டரியிலிருந்து பின்னால் வைக்கும் இரண்டாவது பேட்டரி வரை நான்கு மீட்டர், எர்த்துக்கும் அதே அளவு. 4 சதுர மில்லிமீட்டர் வயரில் 30 ஆம்பியர் ஓடினால் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலையும். இரண்டாவது பேட்டரி நிறைய நெடுநேரம் பிடிக்கும். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு போட்டால் இழப்பு கால் வோல்ட் அளவில் அடங்கும். கடையில் 'பதினாறு' என்று கொடுப்பது சில சமயம் செம்பு பூசிய அலுமினியமாக இருக்கும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டுங்கள்: உள்ளே வெள்ளை தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, நல்லதுதான். மேலுறையின் தடிப்பைக் காட்டி விற்பவரை நம்பாதீர்கள். இந்த வயரின் இரு முனைகளிலும் பேட்டரி இருப்பதால் இரு முனைகளிலும் ஃபியூஸ் வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு. உங்களுக்கு இல்லை, புது வண்டி வைத்திருக்கும் நண்பருக்கு. பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகள் சிலவற்றில் எரிபொருள் மிச்சம் பிடிக்க, கணினி டைனமோவின் வோல்ட்டேஜைத் தானே இறக்கிவிடும். 13.3 வோல்ட்டில் இணைத்து 12.8இல் பிரியும் சாதாரண ரிலே அங்கே குழம்பிப்போகும். இரண்டாவது பேட்டரி பட்டினி கிடக்கும். டைனமோ வோல்ட்டேஜ் இறங்கினாலும் இரண்டாவது பேட்டரிக்குச் சரியான வோல்ட்டேஜைத் தரும் டி.சி.-டி.சி. சார்ஜர்தான் அந்த வண்டிக்குச் சரி. லித்தியம் பேட்டரி வைப்பவருக்கும் அதுவே. நேரடியாக இணைத்தால் லித்தியம் பேட்டரி அளவில்லாமல் இழுத்து டைனமோவைச் சூடாக்கிவிடும். அந்த சார்ஜரை உங்கள் வண்டிக்கும் கட்டாயம் என்று விற்க வருவார்கள்.

வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை இழுக்கும். எந்த டைனமோவும் அதற்கு ஈடுகொடுக்காது. என்ஜினை ஓடவிட்டு, விட்டு விட்டு இழுங்கள். வின்ச்சுக்காகக் கம்பிக் காப்பு பம்பர் (புல் பார்) மாட்டியிருந்தால் ஒரு தகவல்: அது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு எதிரானது என்று மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. விற்கும் கடை திறந்தேதான் இருக்கிறது. அபராதச் சீட்டு, பம்பரை வாங்கியவருக்கு மட்டும் வருகிறது.