ஹைட்: தோல், ஒளிவு, ஒரு துண்டு நிலம்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கில அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ‘ஹைட்’ என்றால் ஒளிந்துகொள்வது என்றுதானே படித்தோம், இதில் மாட்டுத்தோல் என்றும் பழைய நில அளவு என்றும் போட்டிருக்கிறதே என்றாள். தோல் உடம்பை மறைக்கிறது, அதனால் இரண்டும் ஒன்று. ஒரு மாட்டுத்தோலை மெல்லிய வாராக அறுத்து எவ்வளவு நிலத்தை வளைக்க முடியுமோ அது ஒரு ஹைட் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பின்பாதி வாட்ஸப்பில் வந்தது. சொன்னது சரிதானா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாதி சரி. நீங்களாக யோசித்துச் சொன்ன பாதிதான் சரி. வாட்ஸப் பாதி தேறாது.

தோலும் மறைவும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பதே சொல்லாய்வாளர்கள் பலரின் கருத்து. மூடுதல், மறைத்தல் என்ற பொருள்கொண்ட மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர் அது. லத்தீனில் தோலுக்கு ‘குட்டிஸ்’ என்று பெயர். நகக்கண்ணை ஒட்டியிருக்கும் தோலை அழகு நிலையத்தில் ‘க்யூட்டிகிள்’ என்கிறார்களே, அது இதன் வழிவந்ததுதான். லத்தீனில் ‘க’ இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஹ’ வரும் என்பதை ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் 1822இல் ஒரு விதியாகவே எழுதிவைத்தார். கொம்புக்கு அங்கே ‘கொர்னு’, இங்கே ‘ஹார்ன்’. நூறுக்கு அங்கே ‘கென்டும்’, இங்கே ‘ஹண்ட்ரட்’. அந்த வரிசையில்தான் குட்டிஸும் ஹைடும் நிற்கின்றன.

இதே வேரில் வரும் இன்னொரு சொல்லை உங்கள் மகளால் ஊகிக்கவே முடியாது: ‘ஸ்கை’. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் அதற்கு மேகம் என்று பொருள். வானத்தை மூடுவது மேகம். ஆங்கிலத்துக்கு வந்த புதிதிலும் மேகமாகத்தான் இருந்தது, அப்புறம்தான் வானமாயிற்று. இங்கிலாந்தின் வானிலையை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஆங்கிலப் பள்ளிக்கதைகளில் ‘ஹைடிங்’ கொடுப்பதாக வரும். ஒளித்துவைப்பதாக நினைத்துவிடக் கூடாது, அது செம அடி. ‘தோலை உரிச்சிடுவேன்’ என்று நம் வீட்டில் மிரட்டுவார்களே, அதே தோல். ஒருவரின் வேஷத்தைக் கலைப்பதையும் நாம் தோலுரித்துக் காட்டுவது என்றுதான் சொல்கிறோம். தோலை மறைப்பாகப் பார்ப்பது அவர்களுக்கு மட்டும் தோன்றிய யோசனை இல்லை.

சரி, நிலத்துக்கு வருவோம். மாட்டுத்தோல் கதை ஆங்கிலச் சொல்லுக்கு ரொம்ப முந்தையது. தீர் நகரிலிருந்து தப்பி வந்த அரசி டைடோ, வட ஆப்பிரிக்கக் கரையில் ஒரு மாட்டுத்தோல் அளவு இடம் கேட்டு, தோலை வாராகக் கீறி ஒரு குன்றையே வளைத்து கார்தேஜ் நகரத்தைக் கட்டினாளாம். அந்தக் குன்றின் பெயர் பிர்சா. கிரேக்கத்தில் பிர்சா என்றால் தோல். பெயரிலிருந்து கதை பிறந்திருக்க வாய்ப்பு அதிகம். 12ஆம் நூற்றாண்டில் ஜெஃப்ரி ஆஃப் மான்மத் இதே தந்திரத்தை சாக்சன் தலைவன் ஹெங்கிஸ்ட் செய்ததாக எழுதினார். இங்கிலாந்தில் தோலும் நில அளவும் ஒரே சொல்லாக ஒலித்ததால், கதை அங்கே இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது.

நில அளவான ஹைடுக்கும் தோலுக்கும் உறவே கிடையாது. அதன் பழைய வடிவம் ‘ஹீகிட்’. குடும்பம், வீட்டார் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. ஒரு குடும்பம் பிழைக்கத் தேவையான நிலம் ஒரு ஹைட். 8ஆம் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய துறவி பீட், இங்கிலாந்தின் தானெட் தீவின் பரப்பை ஆங்கிலேயர் கணக்குப்படி 600 குடும்பங்கள் என்று குறிக்கிறார். ஒரு ஹைட் 120 ஏக்கர் என்று புத்தகங்களில் போட்டிருக்கும், ஆனால் மண்ணைப் பொறுத்து ஊருக்கு ஊர் மாறும். தென்மாவட்டங்களில் விதைக்கத் தேவையான நெல்லை வைத்து இத்தனை கோட்டை விதைப்பாடு என்று வயலைச் சொல்வார்களே, அந்த மாதிரி அளவு. இங்கிலாந்தின் நிலக் கணக்கெடுப்பான 1086இன் டூம்ஸ்டே பதிவேட்டில் ஊர்களுக்கு வரி மதிப்பு போட்டிருப்பது பெரும்பாலும் ஹைட் கணக்கில்தான். டார்செட்டில் பிடில்ட்ரென்தைட் என்று ஓர் ஊர் உண்டு. பிடில் ஆற்றங்கரையில் முப்பது ஹைட் என்று அர்த்தம்.

மூன்றும் ஒரே ஒலியானது தற்செயல். தோலிலும் ஒளிவதிலும் அன்றைக்கு இருந்தது, உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ என்றால் வரும் ஓசை. நிலத்தில் சாதாரண ‘ஈ’. காலப்போக்கில் குவிந்த உதடு தளர்ந்தது, எல்லாம் ஹீட் என்றாகிவிட்டன. 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கில நெட்டுயிர்கள் ஒட்டுமொத்தமாக இடம் மாறியபோது மூன்றும் சேர்ந்து ‘ஹைட்’ பக்கம் நகர்ந்தன.

ஆங்கிலேயர்களே இதில் குழம்பி விளையாடுவார்கள். ஸ்டீவன்சனின் 1886ஆம் ஆண்டுக் கதையில் டாக்டர் ஜெகிலுக்குள் ஒளிந்திருப்பவன் பெயர் ஹைட். அவன் மிஸ்டர் ஹைட் என்றால் நான் மிஸ்டர் சீக், தேடுகிறவன் என்கிறார் கதையில் வரும் வக்கீல். சிலேடை பிரமாதம்தான். ஆனால் ஹைட் என்ற குடும்பப் பெயர் நில அளவிலிருந்து வந்தது, ஒளிவதிலிருந்து இல்லை. லண்டன் ஹைட் பார்க்கும் அப்படியே: வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துக்குச் சொந்தமாயிருந்த ஹைட் என்ற பண்ணை நிலம். 1536இல் எட்டாம் ஹென்றி அதை வாங்கிக்கொண்டு மான் வேட்டைக்கு வைத்துக்கொண்டார். மான்கள் அங்கே ஒளிந்திருக்கும், தோலும் கிடைத்திருக்கும். இதை மட்டும் வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள்.