முதலில் அம்மாவின் அறையைக் காலி செய்யுங்கள்

கேள்வி: வீடு முழுக்கச் சாமான்கள். திறந்தால் சரிகிற அலமாரிகள், பிரிக்காத பரிசுப்பொருட்கள், பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன துணிகள். குறைந்த பொருட்களோடு எளிமையாக வாழ ஆசை. பாதி வேலையை முடித்துவிட்டேன், 18 அட்டைப்பெட்டிகளை அம்மா வீட்டுக்கு அனுப்பியாயிற்று. (அம்மா இப்போது ஹாலில்தான் படுக்கிறார். பழகிவிட்டது என்கிறார்.) மீதியை மனம் நோகாமல் கழிப்பது எப்படி?

பதில்: பாதி வேலை முடியவில்லை. உங்கள் பொருட்களில் ஒன்றுகூடக் குறையவில்லை, வேறு வீட்டில் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்த இரண்டு வரிகளைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் எளிமையாக வாழ்வதற்காக உங்களைப் பெற்றவர் தன் அறையை விட்டு வெளியே வந்து படுக்கிறார். அவரிடம் கேட்டீர்களா என்று எழுதவில்லை. கேட்டிருந்தாலும் 'பரவாயில்லை, கொண்டுவந்து வை' என்றுதான் சொல்லியிருப்பார். பிள்ளைகளிடம் முடியாது என்று சொல்லத் தெரியாதவரிடம் அனுமதி கேட்டதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு படுக்க, நினைத்த நேரத்தில் விளக்கை அணைக்க, பகலில் சற்றுக் கண்ணயர அவருக்கு ஓர் இடம் வேண்டாமா? யாராவது வந்தால் பாயையோ படுக்கையையோ சுருட்டிவைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டிய வயதா அது? பெற்றோருக்குப் பணம் அனுப்புகிறோம், மருத்துவரிடம் கூட்டிப்போகிறோம், எல்லாம் சரி. அவர்கள் வீட்டில் அவர்களை நிம்மதியாக இருக்கவிடுவது அதற்கெல்லாம் முந்தைய கடமை.

இதுபோன்ற கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் சாமான்கள் போய்ச் சேர்கிற இடம், மறுத்துப் பேசாத ஒருவரின் வீடுதான்.

ஏன் தூக்கிக் கொடுக்காமல் அனுப்பிவைத்தீர்கள்? 'என்னுடையது' என்றானதும் எந்தப் பொருளின் மதிப்பும் நம் மனதில் ஏறிவிடுகிறது. உளவியலாளர் டேனியல் கானமன், பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் முதலியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் குவளை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை விற்பதற்கு அவர்கள் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சற்று முன்புதான் கைக்கு வந்த குவளைக்கே அப்படியென்றால், பல வருடம் வைத்திருந்த பொருளுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால் 'இது எப்போதாவது உதவுமா' என்று யோசிக்காதீர்கள், எல்லாமே உதவும் என்றுதான் தோன்றும். 'இது என்னிடம் இல்லையென்றால் இன்று காசு கொடுத்து வாங்குவேனா' என்று கேளுங்கள். மனம் கொஞ்சம் நோகத்தான் செய்யும். நோகட்டும்.

அடுத்த விடுமுறைக்கு அம்மா வீட்டுக்கு நீங்களே போங்கள், ஆள் அனுப்ப வேண்டாம். அன்றே பிரித்து முடிக்க முடியாத பெட்டிகளை உங்கள் வீட்டு ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். தினமும் காலில் இடிபட்டால் முடிவு சீக்கிரம் வரும். அவற்றை அடுக்கிவைக்கப் புதிதாக அலமாரியோ பிளாஸ்டிக் பெட்டியோ வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம், கிழிந்ததையும் உடைந்ததையும் தானம் என்ற பெயரில் யார் தலையிலும் கட்டாதீர்கள். துவைத்த, உடனே உடுத்தக்கூடிய துணியை மட்டும் கொடுங்கள். பழைய போன், லேப்டாப்பில் இருக்கும் படங்களையும் கணக்குகளையும் அழித்துவிட்டு மின்கழிவு வாங்குகிற இடத்தில் சேருங்கள். லித்தியம் பேட்டரி குப்பையில் நசுங்கினால் தீப்பிடிக்கும், அந்தத் தீயில் மாட்டுவது குப்பை அள்ளுகிறவர். கணவரின் பொருட்களை அவர் இல்லாத நேரத்தில் தூக்கிப்போடாதீர்கள், அவரிடமே விடுங்கள்.

இன்னொன்று. போன இடத்தில் அம்மாவின் பீரோவைத் திறந்து 'இதெல்லாம் எதற்கம்மா' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த வீட்டில் எது இருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லட்டும். மேலே இருப்பதை இறக்கித் தரச் சொன்னால் இறக்கிக் கொடுங்கள், போதும்.