விளக்கைப் போட்டால் ஏறும் முள்

கேள்வி: விமானப் பராமரிப்புப் பொறியாளர் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். எங்கள் பயிற்சி நிலையத்தில் ரோடாக்ஸ் 912 எஞ்சின் பொருத்திய, இருவர் அமரும் சிறு விமானம் ஒன்று தரைப் பயிற்சிக்காக நிற்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் வெப்பநிலை மீட்டர் 95 டிகிரியில் நிதானமாக நிற்கும். லாண்டிங் லைட்டைப் போட்ட உடனே முள் 110-க்குத் தாவுகிறது. விளக்கை அணைத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. முதலில் சென்சாரை மாற்றினோம், பிறகு மீட்டரையே மாற்றினோம், பயனில்லை. வேலந்தாவளத்தில் லாரிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் என் மாமா, கேட்ட மாத்திரத்தில் "எர்த்தைப் பாருடா" என்றார். லாரிக்குச் சொல்வது விமானத்துக்கும் பொருந்துமா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் மாமா சொன்னது சரி. அவருடைய அனுபவத்துக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இந்த எஞ்சினின் ஆயில் தொட்டியில் ஏறக்குறைய 3 லிட்டர் எண்ணெய் இருக்கிறது. அவ்வளவு எண்ணெய் ஒரு நொடியில் 15 டிகிரி சூடாகவும் செய்யாது, விளக்கை அணைத்த மறு நொடியே ஆறிவிடவும் செய்யாது. சுவிட்சுக்குப் பதில் சொல்லும் முள் எண்ணெயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, மின்சுற்றைப் பற்றித்தான் சொல்கிறது. இதை முதல் நாளே கவனித்திருந்தால் சென்சாருக்கும் மீட்டருக்கும் செலவழித்த பணம் மிச்சமாகியிருக்கும்.

இந்த எஞ்சினில் வழக்கமாக வரும் வெப்பநிலை சென்சார், சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்தது. அதற்கு ஒரே ஒரு கம்பிதான் உண்டு. மின்னோட்டம் திரும்பும் வழி எஞ்சினின் உலோக உடல்தான். மீட்டரோ தன் எர்த்தை, அதாவது மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பை, பேனலுக்குப் பின்னால் வேறோர் இடத்தில் எடுத்துக்கொள்கிறது. இந்த இரண்டு எர்த்தும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையின் பேரில்தான் மீட்டர் வேலை செய்கிறது. இப்போது லாண்டிங் லைட்டின் எர்த் கம்பியும் மீட்டரின் எர்த் கம்பியும் ஒரே போல்ட்டில் சேர்ந்து, அந்த போல்ட்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் ஓரிடம் அரித்துப்போயிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 வாட் விளக்கு 13.8 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். அரித்த இடத்தின் மின்தடை வெறும் 0.05 ஓம் என்றாலும், அங்கே 0.35 வோல்ட் நின்றுவிடும். மீட்டரின் எர்த் அந்த அளவுக்கு உயர்ந்துவிடுவதால், சென்சாரின் மின்தடை குறைந்துவிட்டதாகவே மீட்டருக்குத் தோன்றுகிறது. முள் சூட்டின் பக்கம் ஏறுகிறது.

இதை உறுதிப்படுத்த ஒரு எளிய வழி இருக்கிறது. உங்கள் விமானத்தில் இருப்பது 10 முதல் 180 ஓம் வரை மாறும் பழைய வகை ஆயில் பிரஷர் சென்சார் என்றால், விளக்கைப் போடும்போது அந்த மீட்டரையும் கவனியுங்கள். அதில் அழுத்தம் கூடினால் மின்தடை கூடும். ஆகவே அதே எர்த் கோளாறு வெப்பத்தைக் கூட்டிக் காட்டும் நேரத்திலேயே அழுத்தத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும். வானத்தில் இருக்கும் விமானிக்கு இதைவிட அச்சமூட்டும் சேர்க்கை கிடையாது. பழுது தேடும் உங்களுக்கோ இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

அடுத்து அளவெடுப்பு. பலர் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து எர்த்தைச் சோதித்துவிட்டு, "சுழியத்துக்குப் பக்கத்தில் காட்டுகிறது, நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். சாதாரண மல்டிமீட்டரின் இரண்டு கம்பிகளுக்கே 0.2 ஓம் அளவுக்குத் தடை இருக்கும்போது, 0.05 ஓம் கோளாறு அதில் எப்படித் தெரியும்? எனவே மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட் அளவுதான் பார்க்க வேண்டும். எஞ்சினை ஓட்டாமல், மாஸ்டர் சுவிட்சை மட்டும் போட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை ஆயில் வெப்பநிலை மீட்டரின் எர்த் திருகிலும் வையுங்கள். விளக்கைப் போடும் முன் என்ன, போட்ட பின் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அளவு 0.2, 0.3 வோல்ட் என்று தாவினால், கோளாறு இந்த வழியில்தான் இருக்கிறது. பிறகு மறுமுனையை பேட்டரியை நோக்கி ஓர் இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாருங்கள்: கம்பி, லக் (கம்பி முனையில் போல்ட்டுக்காகப் பொருத்தும் உலோக வளையம்), போல்ட், உலோகச் சட்டம். எந்த இணைப்பைத் தாண்டியதும் அளவு சட்டென்று விழுகிறதோ, அதுதான் குற்றவாளி. விளக்கை நீண்ட நேரம் எரியவிடாதீர்கள், பேட்டரி இறங்கிவிடும்.

மீட்டரின் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால், சென்சார் கம்பியைக் கழற்றிவிட்டு, மீட்டரின் சென்சார் முனைக்கும் அதன் எர்த் முனைக்கும் இடையே ஒரு 100 ஓம் ரெசிஸ்டரைச் சேருங்கள். இப்போது எஞ்சினின் எர்த்துக்கு இதில் வேலையே இல்லை. விளக்கைப் போட்டாலும் முள் அசையாமல் நின்றால் மீட்டர் நல்லது. மாமாவின் கடையில் செய்வதுபோல் டெஸ்ட் பல்பை எல்லாக் கம்பியிலும் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவர வேண்டாம். அது இழுக்கும் மின்னோட்டம் இந்த நுண்ணிய சுற்றுகளுக்கு அதிகம்.

என் பணிக்காலத்தில் இதேபோன்ற ஒரு கோளாறைத் தேடி இரண்டு நாள் அலைந்தேன். கடைசியில் பேனலுக்குப் பின்னால், மேலே பளபளப்பாக இருந்த ஒரு லக்கைக் கழற்றியபோது, அதன் அடியில் அலுமினியச் சட்டத்தின் மேல் சுண்ணாம்புபோல் வெள்ளைப் பொடி படிந்திருந்தது; விரலால் தொட்டால் ஒட்டியது. லக்கின் ஒரு பாதி பெயின்ட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது. செம்பும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும். இடவப்பாதி மழையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்றை அறிந்த உங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெள்ளீயம் பூசிய புதிய லக் போட்டு, சட்டத்தைப் பளிச்சென்று உலோகம் தெரியும்வரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, உரிய முறுக்கு அளவில் இறுக்கி, ஈரம் புகாதபடி மேலே பூச்சு கொடுத்ததும் முள் அடங்கியது.

லாரிக்கும் விமானத்துக்கும் வேறுபாடு எங்கே என்றால், லாரியின் இரும்புச் சட்டம் எங்கு தொட்டாலும் எர்த் கொடுக்கும். சிறு விமானத்தின் உடல் துணியாகவோ ஃபைபராகவோ இருந்தால், எர்த் கம்பி ஒவ்வொன்றும் தனியாகப் போட்டதுதான். எஞ்சினும் ரப்பர் தாங்கிகளின் மேல் நிற்பதால் அதற்கென்று தடித்த எர்த் பட்டை வேண்டும். அந்தப் பட்டை கெட்டால், ஸ்டார்ட் செய்யும்போது ஓடும் பெரும் மின்னோட்டம் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் கேபிள் வழியாகத் திரும்பி அதைச் சூடாக்கிவிடும். ஆகவே கையோடு அதையும் பாருங்கள். புதிய சென்சாரின் மரையில் யாராவது டெஃப்லான் டேப் சுற்றியிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். ஒற்றைக் கம்பி சென்சாருக்கு மரைதான் எர்த்.

கோளாறை நீங்கள் கண்டுபிடிக்கலாம், ஆனால் சரிசெய்ததாகக் கையொப்பமிட வேண்டியவர் உரிமம் பெற்ற பொறியாளர். காரணம் நிரூபணமாகும்வரை முள் காட்டுவது உண்மை என்றே கொள்ள வேண்டும். பறக்கும்போது சிவப்புக் கோட்டைத் தொட்டால் இறங்குவதுதான் முறை. "எர்த் கோளாறாக இருக்கும்" என்ற ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

கேள்வி: விமானி பயிற்சியில் இருக்கும் என் மகள், ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் இறக்கையின் மேலே குச்சி விட்டு எரிபொருளை அளப்பதாகச் சொல்கிறாள். மீட்டர் பழுதா? எனக்குப் பயமாக இருக்கிறது.
– வாசகி, குமுளி

பதில்: பயப்பட வேண்டாம், அம்மா. உங்கள் மகளுக்கு நல்ல பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். சிறு விமானங்கள் பலவற்றில் தொட்டிக்குள் ஒரு மிதவைதான் மின்தடையை மாற்றி முள்ளை நகர்த்துகிறது. விமானம் திரும்பும்போதும் குலுங்கும்போதும் எரிபொருள் அலைவதால் முள்ளும் அலையும், நாளடைவில் மிதவையின் தொடுமுனையும் தேயும். மீட்டர் நன்றாக இருந்தாலும் குச்சி வேண்டும்.

ஆனால் குச்சியும் கணக்கும் சேர்ந்தே சரியாக இருக்க வேண்டும். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் ஒரு போயிங் 767 விமானத்தின் எரிபொருள் அளவிகள் வேலை செய்யவில்லை. அதன் கருவிக்குள் ஒரு சால்டர் இணைப்பு சரியாகப் பிடிக்காததே பின்னர் கண்டறியப்பட்ட குறை. குச்சியால் அளந்தார்கள், ஆனால் லிட்டரைக் கிலோவாக மாற்றும் இடத்தில் பவுண்டுக்கான எண்ணைப் போட்டுவிட்டார்கள். 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீரத் தொடங்கி, எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விமானிகள் அதை மிதக்கவிட்டே கிம்லி என்ற பழைய விமானதளத்தில் இறக்கினார்கள். இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

மகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: அந்தக் குச்சி அதே விமானத்துக்கென்று அளவிட்டுக் குறிக்கப்பட்டதா, விமானம் சமதரையில் நிற்கும்போதுதான் அளக்கிறாளா? தொட்டி வேறானால் குச்சியின் கோடுகளுக்குப் பொருள் இல்லை.