பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடும் அம்மா

டாக்டரைப் பார்க்கப் போனால் ஒருநாள் கூலி போய்விடும், அதனால் அம்மா மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள். என் அப்பாவும் மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி, பாதியை அடுத்த மாதத்துக்கு ஒளித்து வைப்பார். தலைசுற்றல் இல்லையே என்பார். பிரஷர் 170 இருந்தாலும் உடம்பு காட்டிக்கொடுக்காது, அதுதான் பயம்.

சரி, டாக்டரிடம் செலவு பிரச்சினையை வெளிப்படையாகச் சொல்லுங்கள். அம்லோடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகள் ஜெனரிக்கில் (பிராண்ட் பெயர் இல்லாமல் விற்கும் அதே மருந்து) மலிவு, ஒருநாளைக்கு ஒருமுறை போதும். இரண்டு மருந்து எழுதியிருந்தால், ஒரே மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். முக்கியமாக, மூன்று மாதத்துக்குச் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். அலைச்சலும் கூலி இழப்பும் குறையும். அப்புறம், உடம்புவலிக்கு இபுபுரூஃபன் போடுகிறாரா? அதுவும் பிரஷரை ஏற்றும்.