அமெரிக்காவில் மகனைக் கப் ஸ்கவுட்டில் (சிறு பிள்ளைகளுக்கான சாரணர் பிரிவில்) சேர்க்க 240 டாலர் கேட்கிறார்கள். இது நியாயமான தொகையா, இதற்கு மேலும் செலவு வருமா?

இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகனுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். நியூ ஜெர்சியில் நாங்கள் இருக்கும் ஊரின் பேக்கில், அதாவது உள்ளூர் கப் ஸ்கவுட் குழுவில், கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: 240 டாலர் என்பது இன்றைய நிலவரத்தில் மிகையான தொகை அன்று. ஆனால் அது ஒரே கட்டணமும் அன்று. தேசிய அமைப்பு, வட்டார கவுன்சில், உங்கள் பேக் என்று மூன்று இடங்களுக்குப் போகும் பணத்தைக் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லியிருக்கிறார்கள். எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டும்படி முதலில் கேளுங்கள். ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் எந்தப் பொருளாளரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தேசிய அமைப்புக்குப் போவது, 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளபடி, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 85 டாலர். முன்பு பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்று இருந்து, 2025 பிப்ரவரியில் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று பெயர் மாறிய அமைப்பு அது. 2019 வரை 33 டாலராக இருந்த இந்தக் கட்டணம், காப்பீட்டுச் செலவு கடுமையாக உயர்ந்துவிட்டது என்ற காரணத்தைச் சொல்லி 2020 ஜனவரியில் ஒரேயடியாக 60 டாலர் ஆக்கப்பட்டது. பிறகும் படிப்படியாக ஏறியது. பழைய பாலியல் கொடுமை வழக்குகளால் அதே 2020 பிப்ரவரியில் அமைப்பு திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றதையும், 82,000க்கும் மேற்பட்டவர்கள் இழப்பீடு கேட்டதையும் நீங்கள் செய்திகளில் படித்திருக்கலாம். பெற்றோர் அதை அறிந்துகொண்டே சேர்ப்பது நல்லது என்பது என் எண்ணம். இந்த 85 டாலரில் பேரம் பேச எதுவும் இல்லை, கட்டிய பின் திரும்பவும் கிடைக்காது. சேர்ந்த மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்கு அது செல்லும் என்பதால், ஆண்டின் நடுவில் சேர்ந்தாலும் அந்தப் பணத்தில் நட்டம் இல்லை.

கவுன்சில் கட்டணம் ஊருக்கு ஊர் வேறுபடும். முகாம் நிலங்களின் பராமரிப்பு, அலுவலகம், சம்பளம் பெறும் ஊழியர்கள் ஆகியவற்றுக்கு அது போகிறது.

நீங்கள் துருவிக் கேட்க வேண்டியது எஞ்சியிருக்கும் பேக் கட்டணத்தைத்தான், ஏனெனில் அதை முடிவு செய்வது உங்களைப் போன்ற பெற்றோர்கள் அடங்கிய ஒரு குழு. பேக்கை நடத்தும் கப்மாஸ்டர் முதல், அதற்குள் ஒரே வகுப்புப் பிள்ளைகளின் சிறு குழுவைக் கவனிக்கும் டென் லீடர் வரை எவருக்கும் சம்பளம் கிடையாது. ஆகவே இந்தப் பணம் முழுவதும் பிள்ளைகள் பெறும் பேட்ஜ்கள், கைப்புத்தகம், பிள்ளைகள் செய்யும் சிறு மரக் கார்கள் ஓடும் பைன்வுட் டெர்பி பந்தயத்துக்கான மரக்கட்டையும் சக்கரங்களும், பெரும்பாலும் பிப்ரவரியில் நடக்கும் புளூ அண்ட் கோல்டு என்ற பேக்கின் ஆண்டு விருந்து போன்றவற்றுக்குச் செலவாக வேண்டும். கைப்புத்தகத்தையும் கழுத்துத்துணியையும் சில பேக்குகள் இதிலேயே கொடுத்துவிடும், சில தனியே வாங்கச் சொல்லும். ஒரு பேக் 60 டாலரும் பக்கத்து ஊர்ப் பேக் 150 டாலரும் கேட்டால், முதலாவது மலிவு என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள்; முதலாவதில் ஒவ்வொரு முகாமுக்கும் தனித்தனியே பணம் கேட்பார்கள், இரண்டாவதில் அவை உள்ளடங்கியிருக்கலாம். ஆண்டு வரவு செலவுத் திட்டத்தை எழுத்தில் காட்டச் சொன்னால் இந்த வேறுபாடு பத்து நிமிடத்தில் புரிந்துவிடும். அப்படி ஒரு தாளே இல்லை என்று சொல்லும் பேக்கில் நானாக இருந்தால் சேர்க்க மாட்டேன்.

இலையுதிர் காலத்தில் வரும் பாப்கார்ன் விற்பனையும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான். விற்ற தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பேக்குக்குக் கிடைக்கும், அதைக் கொண்டு கட்டணத்தைக் குறைப்பார்கள். அலுவலக நண்பர்களிடம் பாப்கார்ன் டப்பாவை நீட்ட நம்மவர்களில் பலருக்குக் கூச்சம். விற்பனையில் கலந்துகொள்ளாவிட்டால் கூடுதலாக எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஒரு பிள்ளை விற்ற தொகையை அந்தப் பிள்ளையின் பெயரிலேயே வரவு வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தனிநபர் ஆதாயம் என்று வருமான வரித் துறை அதை ஆட்சேபிக்கக்கூடும் என்பதால் எங்கள் பேக் அதைச் செய்வதில்லை.

சீருடை இந்த 240 டாலரில் பெரும்பாலும் சேராது. நீலச் சட்டை, பெல்ட், தொப்பி, கழுத்துத்துணி, அதைப் பிடிக்கும் வளையம், தோளில் தைக்கும் எண்கள் என்று எல்லாவற்றையும் ஸ்கவுட் கடையில் புதிதாக வாங்கினால் தொகை நூறு டாலரை நெருங்கலாம். அவசரம் வேண்டாம். சட்டையை மட்டும் இரண்டு அளவு பெரியதாக வாங்குங்கள். மூத்த பிள்ளைகள் போட்டு விட்டுப்போன சட்டைகளைப் பல பேக்குகள் சேர்த்து வைத்திருக்கும். கழுத்துத்துணியும் தொப்பியும் வகுப்பு மாறும்போது மாறும், சட்டை பல ஆண்டுகள் வரும்.

பதிவு செய்வது எளிது. 'பீ ஏ ஸ்கவுட்' இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொடுத்து, பேக்கைத் தேர்ந்தெடுத்து, படிவத்தை நிரப்பிப் பணம் கட்டலாம். படிவத்தில் இறைக் கடமை பற்றிய ஒரு வாசகம் இருக்கும்; பல பேக்குகள் தேவாலயக் கூடங்களில் கூடுவதால், மதம் மாற்றப் பார்ப்பார்களோ என்ற ஐயம் நம் குடும்பங்களில் எழுவதுண்டு. அந்த வாசகம் எந்த மதத்தையும் குறிப்பிடுவதில்லை. இந்துப் பிள்ளைகள் அவரவர் வழிபாட்டைக் கற்றுப் பெறுவதற்கென்றே தர்மா என்ற பதக்கமும் இருக்கிறது. இதைத் தவிர, எல்லா நிகழ்ச்சிகளுக்கும் பொதுவான உடல்நலப் படிவத்தின் முதல் இரண்டு பகுதிகளை நீங்களே நிரப்பிக் கொடுக்கலாம். 72 மணி நேரத்துக்கு மேற்பட்ட முகாமுக்குத்தான் மருத்துவர் கையெழுத்து வேண்டும்.

உங்கள் மகன் இரண்டாம் வகுப்பு என்பதால் உல்ஃப் பிரிவில் சேர்வான். கிண்டர்கார்டன், முதல் வகுப்புப் பிள்ளைகளுடன் பெரியவர் ஒருவர் கூடவே இருப்பது கட்டாயம். உல்ஃப் பிரிவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. என்றாலும் பெரும்பாலான பேக்குகள் பெற்றோரை எதிர்பார்க்கும், குடும்பமாக இரவு தங்கும் முகாம்களுக்கு நீங்களும் போக வேண்டியிருக்கும். சொந்தப் பிள்ளையுடன் அப்படித் தங்குவதற்குத் தனியாகப் பதிவுக் கட்டணம் தேவையில்லை. டென் லீடராக இருக்க ஒப்புக்கொண்டால் மட்டும் இளையோர் பாதுகாப்புப் பயிற்சியை இணையத்தில் முடித்து, பின்னணிச் சோதனைக்குக் கையெழுத்திட்டு, 65 டாலர் பெரியவர் கட்டணமும் செலுத்த வேண்டும். உழைப்பையும் கொடுத்துக் கட்டணமும் கட்டுவதா என்ற கேள்வி நியாயமானதே, ஆகையால் பல பேக்குகள் அந்த 65 டாலரைத் தாமே ஏற்றுக்கொள்கின்றன.

தொகை கனமாகத் தோன்றினால் கப்மாஸ்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். தவணையாகக் கட்டவும், இரண்டாவது பிள்ளைக்குக் குறைத்துக்கொள்ளவும் பல பேக்குகள் இடம் கொடுக்கும், முகாம் செலவுக்குக் கவுன்சில்களிடம் உதவித்தொகையும் உண்டு. பணம் கட்டுவதற்கு முன் மகனை ஓரிரு கூட்டங்களுக்கு அழைத்துச் சென்று பார்க்கவும் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். வேலை மாறி வேறு மாநிலத்துக்குப் போக நேர்ந்தால் தேசிய உறுப்பினர் பதிவு உங்கள் மகனுடன் புதிய பேக்குக்கு வந்துவிடும். பழைய பேக்குக்குக் கட்டியது மட்டும் அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஊர் மாறும் வாய்ப்பு இருந்தால் பேக் கட்டணத்தைத் தவணையில் கட்டுங்கள்.