குடிக்கும் நாளில் இரவுச் சாப்பாட்டை விட்டால் எடை குறையுமா?

கேள்வி: எனக்கு வயது 47, எடை 86 கிலோ. எட்டு வருடமாகச் சர்க்கரை. வாரத்தில் நான்கு நாள் இரவு ஒரு குவார்ட்டர் பிராந்தி உண்டு. எடை குறைய, அந்த நாட்களில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். தொப்பை அப்படியேதான் இருக்கிறது. சர்க்கரைக்குப் போட்டுவந்த மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கும் என்று வீடியோவில் பார்த்து அதை நிறுத்திவிட்டு, மெடிக்கலில் கேட்டு இன்னொரு சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடை 2 மி.கி. ஆக்கிக்கொண்டேன். ஸ்கேனில் ஈரல் கொழுப்பு கிரேடு 1. முதுகில் ஒரு கொழுப்புக் கட்டியும் இருக்கிறது. பீருக்கு மாறலாமா? போன மாதம் ஒரு விடியற்காலை உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறியதாம். மனைவி சர்க்கரை போட்டுக் காப்பி கொடுத்ததும் சரியானது. தூக்கத்திலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: கடைசி வரியில் நீங்கள் பயப்படுவது சரியான பயம். ஆனால் ஆபத்து நெஞ்சிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. வியர்வை, குழறல், இனிப்பு உள்ளே போனதும் தெளிவு. இது ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோனதன் அடையாளம். உங்கள் மனைவி அன்று செய்த காரியம்தான் உங்களைக் காப்பாற்றியது. (ஈசிஜி ஒன்று எடுத்துவிடுங்கள். எட்டு வருடச் சர்க்கரைக்கு அது எப்படியும் வேண்டியதுதான்.)

ராத்திரி வெறும் வயிற்றோடு படுத்தாலும் நமக்குச் சர்க்கரை இறங்காமல் இருப்பதற்குக் காரணம் ஈரல். சேமித்து வைத்ததை விடியும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும், போதாததைப் புதிதாகத் தயாரிக்கும். மது உள்ளே இருக்கும்வரை அந்தத் தயாரிப்பு முடங்கிக் கிடக்கும். 180 மி.லி. பிராந்தியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் கரைக்கும். பத்து மணிக்குக் குடித்து முடித்தால் விடியற்காலை வரை அதற்கு இதே வேலை. நீங்கள் சாப்பிடவும் இல்லை. போதாததற்கு கிளிமிபிரைடு, சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இந்த மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால் நினைவு தப்பலாம், வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். வாயில் பிராந்தி வாசனை இருப்பதால் பக்கத்தில் இருப்பவர்கள் 'போதையில் தூங்குகிறார்' என்று விட்டுவிடுவார்கள். இப்படி விட்டுவிட்டு மதியம் தூக்கிக்கொண்டு வரும் நோயாளிகளைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறேன்.

வீடியோ பார்த்து மாத்திரையை மாற்றியதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னி ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அளவைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம், அவ்வளவுதான். அந்தச் செய்தியைத்தான் தலைகீழாக்கிப் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். வேறு சர்க்கரை மாத்திரை சேராமல் அதை மட்டும் போட்டால் அது சர்க்கரையைத் தாழ விடுவதும் அரிது. அதை நிறுத்திவிட்டு, சர்க்கரையைத் தாழ வைக்கக்கூடிய மாத்திரையை நீங்களே ஏற்றிக்கொண்டீர்கள். கிளிமிபிரைடு எடையையும் சற்று ஏற்றும் என்பதை மெடிக்கலில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதற்காகப் பழைய மெட்ஃபார்மினை எடுத்து இன்றைக்கே போட ஆரம்பிக்காதீர்கள். நிறையக் குடிப்பவர்களுக்கு அதிலும் வேறு ஆபத்து உண்டு. கிரியேட்டினின் (கிட்னிக்கான ரத்தப் பரிசோதனை), ஈரல் பரிசோதனை பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். நாளைக்கே போங்கள். அதுவரை குடியும் வேண்டாம், இரவுச் சாப்பாட்டையும் விட வேண்டாம்.

இதை உங்கள் மனைவிக்கும் படித்துக் காட்டுங்கள். மறுபடி வியர்த்து, நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேசினால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் 15 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை, பிறகு இட்லியோ சாதமோ. எழுப்ப முடியவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். இந்த மாத்திரையின் வேகம் ஒரு நாள் வரை இருப்பதால், ஏறிய சர்க்கரை சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம்.

எடைக்கு வருகிறேன். ஒரு கிராம் ஆல்கஹாலில் 7 கலோரி. உங்கள் குவார்ட்டரில் 400-க்கு மேல். நீங்கள் விட்ட மூன்று சப்பாத்தியை விட அது அதிகம். மிக்சர், வறுத்த கடலை, சில்லி சிக்கன் கணக்கு தனி. உடம்பு ஆல்கஹாலைத்தான் முதலில் எரிக்கும். அதுவரை கொழுப்பு எரிவது பெருமளவு நின்றுபோகும். மறுநாள் காலை நடையில் கரைவது முந்தின இரவின் குவார்ட்டர்தான், தொப்பை இல்லை. அதனால் பீரா பிராந்தியா என்ற கேள்விக்கே இடமில்லை. 650 மி.லி. ஸ்ட்ராங் பீரிலும் 300 கலோரிக்குக் குறையாது.

முதுகுக் கட்டி மெத்தென்று, வலியில்லாமல், வளராமல் இருந்தால் மறந்துவிடுங்கள். கிரேடு 1 ஈரல் கொழுப்பு மாறக்கூடியது. குடியை நிறுத்தி ஏழெட்டுக் கிலோ குறைத்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். லிவர் டானிக்கில் பணத்தைப் போடாதீர்கள்.

நிறுத்துவது பற்றி ஒன்று. வாரம் நான்கு நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். குடிக்காத நாட்களில் காலையில் கை நடுங்குகிறதா, தூக்கமே வராமல் படபடக்கிறதா? அப்படியென்றால் வீட்டிலிருந்தபடி ஒரேயடியாக நிறுத்த வேண்டாம், வலிப்பு வரலாம். மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். சில நாள் மருந்தோடு, பார்வையில் வைத்து நிறுத்தலாம். போகும்போது மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு போங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். மாத்திரையின் அளவை அதை வைத்துத்தான் தீர்மானிப்போம்.